லெகிங்ஸ், பிளவுஸ், டைட்ஸ்: இழுபடும் உடுப்புகளுக்கு வீட்டில் சாயம் போடும் முழு முறை

கறுப்பு லெகிங்ஸ் ஒன்று ஒரு வருடம் கொழும்பு வெயிலில் கொடியில் காய்ந்தால் போதும், கறுப்பு போய் ஒரு மங்கிய பழுப்பு வந்து நிற்கும். துணி கிழிந்திருக்காது, இடுப்பு இலாஸ்டிக் தளர்ந்திருக்காது, நிறம் மட்டும்தான் போயிருக்கும். ரெடிமேட் ஸ்ட்ரெச் பிளவுஸ் கதை வேறு. அளவு கச்சிதமாக இருக்கும், கையில் இருக்கும் எந்தச் சீலைக்கும் நிறம் பொருந்தாது. இரண்டையுமே வீட்டுக் குளியலறையில் ஒரு பின்னேரத்தில் சரிசெய்யலாம். ஆனால் எங்கள் வீடுகளில் காலங்காலமாகச் செய்த மாதிரி, சாயப் பொடியைப் போட்டு அடுப்பில் கொதிக்க வைத்துத் துணியை அமிழ்த்தும் முறை இழுபடும் துணிக்கு ஆகாது. நிறம் வரும், இழுவை போய்விடும். முட்டியில் ஒருமுறை பொம்மிக்கொண்டால் அது பிறகு உள்ளே போகவே போகாது.

அதனால் இந்த வேலையில் முதலில் காப்பாற்ற வேண்டியது இழுவையை. எந்தச் சாயம், எவ்வளவு சூடு என்ற முடிவெல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும்.

முதலில் லேபலைப் பாருங்கள்

இழுபடும் துணி எதுவும் முழுக்க இழுபடும் நூலால் ஆனதல்ல. லைக்ரா, ஸ்பான்டெக்ஸ், எலாஸ்டேன் என்று மூன்று பெயரில் சொன்னாலும் பொருள் ஒன்றுதான்: பொலியூரதேன் வகை நூல். 1958இல் அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கியது. லைக்ரா என்பது அந்த நிறுவனம் வைத்த வர்த்தகப் பெயர். ஒரு லெகிங்ஸில் இது பெரும்பாலும் நூற்றுக்கு 5 பங்குதான் இருக்கும், நீச்சல் உடுப்பில் 20 வரை போகும். மீதி பருத்தியா, விஸ்கோஸா, நைலோனா, பொலியஸ்டரா என்பதுதான் எந்தச் சாயம் வாங்குவது என்பதை முடிவுசெய்யும்.

பருத்தி அல்லது விஸ்கோஸ் என்றால் ரியாக்டிவ் சாயம். சூடே தேவையில்லை. நைலோன் என்றால் ஆசிட் சாயம், வினாகிரி, மிதமான சூடு. பொலியஸ்டர் என்றால் என் ஆலோசனை, விட்டுவிடுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

லேபல் இல்லாவிட்டால்? புறக்கோட்டை நடைபாதையில் குவித்து விற்கும் ஏற்றுமதி மிச்ச உடுப்புகளில் லேபலை வெட்டிவிட்டுத்தான் தருவார்கள். அப்படி ஒன்று கையில் இருந்தால், உள் தையல் ஓரத்தில் அரை அங்குலத் துண்டு ஒன்றை வெட்டி எடுங்கள். ஊசி முனையால் அதைப் பிரித்தால் இரண்டு வகை நூல் வரும். ஒன்று சாதாரண நிற நூல். மற்றது முடி மாதிரி மெல்லியதாக, கண்ணாடி போல மினுங்கிக்கொண்டு வரும். நகத்தால் பிடித்து இழுத்தால் பல மடங்கு நீண்டு, விட்டதும் சுருண்டு திரும்பும். அதுதான் எலாஸ்டேன். அதை ஒதுக்கிவிட்டு மற்ற நூலை இடுக்கியில் பிடித்து, கழுவும் தொட்டிக்கு மேலே வைத்துத் தீக்குச்சியால் கொளுத்துங்கள். கடதாசி எரியும் மணம் வந்து, தொட்டால் உதிரும் மெல்லிய சாம்பல் விழுந்தால் பருத்தி அல்லது விஸ்கோஸ். தீயைக் கண்டதும் பின்வாங்கி உருகி, ஆறிய பிறகு கடினமான மணியாக நின்றால் நைலோன் அல்லது பொலியஸ்டர். இந்த இரண்டையும் எரித்துப் பிரித்தறிவது கஷ்டம். உருகும் துணியாக இருந்தால், நைலோனுக்கான சாயத்தைச் சிறிது கரைத்து இன்னொரு துண்டை அதில் போட்டுப் பாருங்கள். பிடித்தால் நைலோன், கழுவினால் போய்விட்டால் பொலியஸ்டர்.

எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்குப் போகலாம்

சாயம் என்பது பெயின்ட் அல்ல, பழைய நிறத்தை மூடாது. அதன் மேல் கலக்கும். மஞ்சள் பிளவுஸில் நீலம் போட்டால் பச்சை வரும். இளஞ்சிவப்பில் நீலம் போட்டால் ஊதா. பச்சையில் சிவப்பு போட்டால் ஒரு மண் நிறம், சீலைக்கு அது அழகாகவும் அமையலாம், அமையாமலும் போகலாம். வெளிர் நிறத்திலிருந்து கருமைக்குத்தான் வழி உண்டு, கருமையிலிருந்து வெளிருக்கு இல்லை.

அப்போ முதலில் பிளீச் போட்டு வெளுக்கலாமே என்று நினைப்பவர்கள் பலர். தயவுசெய்து வேண்டாம். குளோரின் பிளீச் பருத்தியைத்தான் வெளுக்கும், எலாஸ்டேனை மஞ்சளாக்கி அறுத்துவிடும். அடுத்த முறை உடுக்கும்போது துணி தொய்ந்து நிற்கும். பத்திக் வேலை செய்பவர்கள் பயன்படுத்தும் சோடியம் ஹைட்ரோசல்பைட் எலாஸ்டேனுக்கு அவ்வளவு கேடு செய்யாது, ஆனால் அதன் நெடி பொல்லாதது, காற்றோட்டம் இல்லாத தொடர்மாடிக் குளியலறையில் அதைச் செய்யக்கூடாது. முடிவில் எந்த நிறம் எஞ்சும் என்றும் சொல்ல முடியாது.

சாயம் ஏறாத சில இடங்களும் உண்டு. தையல் நூல் பெரும்பாலும் பொலியஸ்டர், அதனால் அது பழைய நிறத்திலேயே இருக்கும். வெள்ளை லெகிங்ஸைக் கருநீலமாக்கினால் தையல் ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு தெரியும். நெஞ்சில் றப்பர் மாதிரி ஒட்டியிருக்கும் எழுத்தும் படமும் நிறம் மாறாது. எலாஸ்டேன் நூலும் ரியாக்டிவ் சாயத்தை அநேகமாக ஏற்காது. அதனால் வெள்ளைத் துணியைக் கருமையாக்கினால், முட்டியில் இறுக இழுபடும்போது உள்ளே ஒரு வெளிர்ப்பு மினுங்கும். மங்கிய கறுப்பைத் திரும்பக் கறுப்பாக்கும்போது இந்தத் தொல்லை மிகக் குறைவு. முதல்முறை செய்பவர்கள் அதிலிருந்து தொடங்குவதே நல்லது.

வாங்க வேண்டியவை

இலங்கையில் பத்திக் தொழில் இருப்பதால் நமக்கு ஒரு வசதி. பத்திக் ஆட்கள் வாங்கும் குளிர் சாயம்தான் நமக்கும் வேண்டும். சாயம் விற்கும் கடையில் "புரோசியன்" அல்லது "குளிர் தண்ணீர் ரியாக்டிவ் சாயம்" என்று கேளுங்கள். 1956இல் ஐ.சி.ஐ. நிறுவனம் புரோசியன் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த வகை இது. பருத்தி நூலோடு இரசாயனப் பிணைப்பாகவே ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் பல வருடம் கழுவினாலும் போகாது. கடைக்காரர் சூடாக்க வேண்டிய சாயத்தைத் தந்தால் வாங்காதீர்கள், இந்தத் துணிக்கு அது உதவாது.

இன்னும் தேவைப்படுவது உப்பு, வாசிங் சோடா, சவர்க்காரத் தூள், றப்பர் கையுறை, மூக்கு மூடும் மாஸ்க், 10 லீற்றர் பிளாஸ்டிக் வாளி அல்லது அகலமான பேசின், எடை பார்க்கச் சிறிய தராசு.

வாசிங் சோடாவும் அப்பச் சோடாவும் ஒன்றல்ல. அப்பச் சோடாவின் காரம் போதாது, சாயம் துணியில் பிணையாமல் அப்படியே கழுவுப்பட்டுப் போகும். வாசிங் சோடா கிடைக்காவிட்டால் அப்பச் சோடாவைத் தட்டில் பரப்பி, கேக் சுடும் அவனில் 200 பாகை செல்சியசில் ஒரு மணித்தியாலம் வைத்தால் அது வாசிங் சோடாவாக மாறிவிடும். கடையில் வாங்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். தூளாக இருந்தால் கீழே சொல்லும் அளவு சரி. பளிங்குக் கற்களாக இருந்தால் அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், ஆகவே எடையை 2.7 மடங்காக்க வேண்டும்.

வாளிக்குப் பதிலாகப் பாத்திரம் எடுப்பதாக இருந்தால் எவர்சில்வர் அல்லது எனாமல். அலுமினியச் சட்டி வேண்டாம், சோடா அதை அரித்துவிடும். சாயத்துக்கு ஒருமுறை எடுத்த கரண்டியும் பாத்திரமும் திரும்பக் குசினிக்குப் போகக்கூடாது.

பருத்தி லைக்ரா: படிப்படியாக

கீழே உள்ள அளவுகள் 250 கிராம் உலர்ந்த துணிக்கு. ஒரு பெரியவருடைய லெகிங்ஸ் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும்.

தண்ணீர் 5 லீற்றர். உப்பு 250 கிராம், கறுப்பு என்றால் 500 கிராம். வாசிங் சோடாத் தூள் 50 கிராம். சாயம் வெளிர் நிறத்துக்கு 1 முதல் 2 கிராம், நடுத்தர நிறத்துக்கு 5, அடர் நிறத்துக்கு 10, கறுப்புக்கு 20. கறுப்புக்கு மட்டும் இவ்வளவு எதற்கு என்று தோன்றும். குறைத்தால் கறுப்பு வராது, ஒரு நீலச் சாம்பல்தான் வரும்.

முதல் வேலை, துணியை நன்றாகத் துவைப்பது. புதுத் துணியில் தொழிற்சாலைப் பூச்சு இருக்கும். பழைய பிளவுஸில் கக்கப் பகுதியில் வியர்வையும் டியோடரன்டும் இறுகியிருக்கும். எண்ணெய்க் கறை இருந்தால் அந்த இடத்தில் சாயம் ஏறாமல் திட்டாக நிற்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரத் தூளும் ஒரு தேக்கரண்டி வாசிங் சோடாவும் போட்டு அரை மணித்தியாலம் ஊறவைத்துக் கசக்கி அலசுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் எதுவும் சேர்க்க வேண்டாம். அலசிய துணியைக் காயவைக்காமல் ஈரமாகவே வைத்திருங்கள், ஈரத் துணியில்தான் சாயம் ஒரே சீராகப் பரவும்.

அடுத்தது சாயத்தைக் கரைப்பது. டப்பாவைத் திறக்கும் முன் மேலே சுழலும் ஃபேனை நிறுத்துங்கள். இதை மறக்கவே கூடாது. ரியாக்டிவ் சாயத் தூள் கண்ணுக்குத் தெரியாமல் பறக்கும், திரும்பத் திரும்ப மூச்சோடு உள்ளே போனால் ஒவ்வாமையும் இழுப்பும் வரலாம். மாஸ்க் போட்டுக்கொண்டு, தூளைச் சிறு கோப்பையில் எடுத்து, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் களியாகக் குழைத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்து ஒரு கோப்பையாக்குங்கள். பிறகு பழைய மெல்லிய துணியில் வடித்துவிடுங்கள். கரையாத ஒரு சிறு துகள் துணியில் பட்டாலும் அங்கே ஒரு புள்ளி விழும். கொழும்பின் ஈரக் காற்றில் சாயத் தூள் சீக்கிரம் கட்டிபடும் என்பதால் மீதியை உடனே இறுக மூடி வையுங்கள்.

வாளித் தண்ணீரில் உப்பை முழுதாகக் கரைத்து, சாயத்தை ஊற்றிக் கலக்குங்கள். குளிர் நாட்டில் இருப்பவர்கள் இந்தச் சாயத்துக்குத் தண்ணீரைச் சூடாக்க வேண்டியிருக்கிறது. நமக்கு வருடம் முழுவதும் குழாயில் வருவதே போதுமான இளஞ்சூடு. இன்னொரு கொடுப்பினை, கொழும்புக்குக் களனி ஆற்றிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் மென்மையானது. இதே வேலையை யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீரில் செய்தால் சுண்ணாம்பின் கடினத்தன்மை சாயத்தைக் கெடுக்கும். அங்கே செய்பவர்கள் மழைத் தண்ணீர் பிடித்துச் செய்வது நல்லது.

இப்போது துணியை விரித்து உள்ளே இறக்குங்கள். முதல் 20 நிமிடம் கையை எடுக்கக்கூடாது. கையுறையோடு துணியைத் திருப்பி, இடுப்புப் பட்டியை விரித்து, தொடைத் தையல் மடிப்புகளைத் திறந்து, இரண்டு கையாலும் இழுத்து விட்டுக்கொண்டே இருங்கள். தண்ணீருக்குள் இழுத்து விடும்போது நூல்களுக்கு இடையே சாயம் போகும். முட்டியில் வெளிர்ப்புத் தெரிவது குறைய இதைவிட நல்ல வழி இல்லை. திட்டுத் திட்டாக வரும் உடுப்புகளில் பெரும்பாலானவை இந்த 20 நிமிடத்தில் கவனிக்கப்படாமல் விடப்பட்டவைதான்.

இதற்கிடையில் வாசிங் சோடாவை ஒரு கோப்பை சுடுதண்ணீரில் கரைத்து ஆறவிடுங்கள். 20 நிமிடம் ஆனதும் துணியை ஒரு பக்கம் ஒதுக்கி, சோடாக் கரைசலில் மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீரில் ஊற்றிக் கலக்குங்கள். துணியின் மேல் நேரே ஊற்ற வேண்டாம். ஐந்து நிமிடம் விட்டு அடுத்த பங்கு, இன்னும் ஐந்து நிமிடத்தில் கடைசிப் பங்கு. சோடா சேர்ந்த கணத்திலிருந்துதான் சாயம் துணியோடு நிரந்தரமாகப் பிணையத் தொடங்கும். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம், கறுப்பு என்றால் இரண்டு மணித்தியாலம், இடைக்கிடை கிளறிக்கொண்டு விடுங்கள். அந்தச் சாயத் தண்ணீரை நாளைக்கு என்று எடுத்து வைப்பதில் பயனில்லை. சோடா கலந்த சில மணித்தியாலத்தில் மீதிச் சாயம் தண்ணீரோடேயே சேர்ந்து செத்துப்போகும்.

நனைந்திருக்கும்போது நிறம் மிகக் கருமையாகத் தெரியும். அதை நம்ப வேண்டாம், ஒட்டாத சாயம் கழுவுப்பட்டுத் துணி காய்ந்ததும் நிச்சயம் ஓரிரு படி இறங்கும். வேண்டிய நிறத்தைவிடச் சற்றுக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவுவதில்தான் பலர் பொறுமை இழப்பார்கள். முதலில் குளிர்ந்த தண்ணீரில் நாலைந்து தரம் அலசி உப்பையும் சோடாவையும் போக்குங்கள். வழுவழுப்புப் போக வேண்டும். அதன் பிறகு கை பொறுக்காத சூட்டில், ஏறக்குறைய 60 பாகையில், சவர்க்காரத் தூளோடு 10 நிமிடம் ஊறவிடுங்கள். இந்த ஒரு தரம் இவ்வளவு சூட்டை எலாஸ்டேன் தாங்கும், கொதிதண்ணீர் மட்டும் வேண்டாம். ஒட்டாத சாயத்தைச் சூடுதான் கிளப்பி வெளியே கொண்டுவரும். பழைய வெள்ளைத் துணியொன்றால் ஈரத் துணியை அழுத்திப் பாருங்கள், அதில் நிறம் ஒட்டுவது நிற்கும்வரை அலசுங்கள்.

முறுக்கிப் பிழியாமல், துவாயில் சுருட்டி அழுத்தித் தண்ணீரை எடுத்து, நிழலில் போடுங்கள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் தொடர்மாடியில் இருப்பவர்கள் முதல் காயலைக் குளியலறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். மேல்மாடியிலிருந்து சொட்டும் நீலத் தண்ணீர் கீழ்வீட்டு அம்மாவின் வெள்ளைச் சீலையில் விழுந்தால் அந்தக் கோபத்துக்கு மருந்தில்லை. மீதிச் சாயத் தண்ணீரைத் தெருவோர வடிகாலில் கொட்டாமல், கழிப்பறையில் ஊற்றி நிறையத் தண்ணீர் விடுங்கள்.

நைலோன் டைட்ஸ், நீச்சல் உடுப்பு, நடன உடுப்பு

நைலோன் சாயத்தைப் பேராசையோடு பிடித்துக்கொள்ளும் துணி. அதனால் இங்கே வேகத்தைக் குறைப்பதுதான் வேலை. 250 கிராம் துணிக்கு 5 லீற்றர் தண்ணீர், 100 மில்லிலீற்றர் வினாகிரி, ஆசிட் சாயம் 2 முதல் 5 கிராம். ரிட் போன்ற பொதுச் சாயமும் இதற்குச் சரிவரும், அதில் ஆசிட் சாயமும் கலந்திருக்கிறது.

எவர்சில்வர்ப் பாத்திரத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் சாயத்தைக் கலந்து, நனைத்த துணியைப் போட்டு, பத்து நிமிடம் கிளறிய பிறகு வினாகிரியைச் சேருங்கள். அடுப்பை மெல்லிய தீயில் வைத்து அரை மணித்தியாலத்தில் மெதுவாக 60 முதல் 70 பாகைக்குக் கொண்டுவாருங்கள். வெப்பமானி இல்லாவிட்டால், ஆவி எழும்பி, அடியில் சின்னக் குமிழிகள் தெரியத் தொடங்கும்போது தீயைக் குறைக்க வேண்டும். தண்ணீர் புரளவே கூடாது. 20 நிமிடம் அந்தச் சூட்டில் வைத்துக் கிளறி, அடுப்பை அணைத்து, பாத்திரத்திலேயே ஆறவிடுங்கள். சூட்டோடு எடுத்துக் குளிர்தண்ணீரில் போட்டால் விழும் சுருக்கம் நைலோனில் நிலைத்துவிடும்.

பிள்ளைகளின் கலைவிழாவுக்கு ஒரு டைட்ஸ் நிறம் மாற்ற வேண்டுமென்றால் சாயக் கடைக்கே போகத் தேவையில்லை. கேக்குக்குப் போடும் செயற்கை உணவு நிறங்கள் பெரும்பாலும் ஆசிட் சாய வகைதான். வினாகிரியோடு இதே முறையில் போட்டால் நைலோனில் நன்றாகவே பிடிக்கும். அடிக்கடி துவைக்கும் உடுப்புக்கு அது நிலைக்காது, மேடைக்குத் தாராளமாகப் போதும். பருத்தியில் மட்டும் இதை முயல வேண்டாம், அலசியதும் போய்விடும்.

பொலியஸ்டர் ஏன் வேண்டாம்

பொலியஸ்டருக்கு டிஸ்பேர்ஸ் என்ற வகைச் சாயம் வேண்டும். அது உள்ளே போக அரை மணித்தியாலத்துக்கு மேல் கொதிநிலையிலேயே வைத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் கொதித்த எலாஸ்டேன் பழைய இழுவையோடு திரும்பாது. விளையாட்டு ஜேர்சிகளும் ஜிம் உடுப்புகளும் பெரும்பாலும் இந்த இனம். பருத்தியும் பொலியஸ்டரும் கலந்த துணியாக இருந்தால் ரியாக்டிவ் சாயம் பருத்தி நூலில் மட்டும் ஏறி, துணி முழுக்க ஒரு கலப்பு நிறமாக வரும். சில டீசேட்டுகளில் அது பார்க்க நன்றாகவே இருக்கிறது, அடர் நிறத்தை மட்டும் அதில் எதிர்பார்க்காதீர்கள்.

சரியாக வராவிட்டால்

நிறம் வெளிறியிருந்தால் முழு முறையையும் இன்னொரு தரம் செய்யலாம். குளிர் முறை என்பதால் துணிக்குச் சேதமில்லை. கறுப்பு பச்சையோ ஊதாவோ அடித்தால், கறுப்புச் சாயம் பல நிறங்களின் கலவை என்பதுதான் காரணம். பச்சை அடித்தால் இரண்டாம் தரம் கறுப்போடு ஒரு சிட்டிகை சிவப்பும், ஊதா அடித்தால் ஒரு சிட்டிகை மஞ்சளும் சேருங்கள். திட்டுகள் விழுந்திருந்தால் அதே நிறத்தைத் திரும்பப் போட்டு மறைக்க முடியாது, திட்டும் சேர்ந்து கருமையாகும். அதைவிடக் கருமையான நிறத்துக்குப் போவதுதான் வழி. ஆனால் அதற்கு முன் துணியை ஒருமுறை சோடா போட்டுச் சூடாகத் துவையுங்கள். திட்டுக்குக் காரணம் எண்ணெய்க் கறையாக இருந்தால், கறை போகாதவரை கறுப்பும் அங்கே ஏறாது.

சாயம் போட்ட உடுப்பை முதல் மூன்று நாலு தரம் தனியாகத் துவையுங்கள். அதன் பிறகு மற்ற அடர் நிற உடுப்புகளோடு, உட்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் போடலாம். அயன் பண்ணத் தேவையில்லாத துணி இது. கட்டாயம் பண்ண வேண்டுமென்றால் மிகக் குறைந்த சூட்டில், மேலே ஒரு பருத்தித் துணியை விரித்துத் தேயுங்கள். கொடியில் போடும்போது இடுப்புப் பட்டியில் கிளிப் போட்டுத் தொங்கவிடாமல் நடுவில் மடித்துப் போடுங்கள், ஈரத்தின் கனத்தில் துணி நீளாது.